இழை சேராத பேய்

போன செவ்வாய்க்கிழமை காலை. எட்டு நாற்பத்திரண்டு லோக்கல். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எனக்கு எதிர் ஸீட்டில் ஓர் அம்மாள். கையில் மதராஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகை. திடீரென்று பையைத் துழாவி ஒரு துண்டுப் பென்சிலை எடுத்தார். பத்திரிகையில் இருந்த பேய்ப் படத்தின் மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார்.

எனக்குப் பகீரென்றது. ஏனென்றால், அது என் பேய்!

ஆமாம். மூன்று வருஷமாக இந்தப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயையும் ரயில் நெரிசலையும் பற்றி உங்களிடம் புலம்பிக்கொண்டிருக்கும் இதே ராஜிதான், அந்தப் பத்திரிகையின் திகில் தொடர்கதைக்கு வாராவாரம் பேய் போடுகிறவள். படத்தின் மூலையில் இரண்டெழுத்து இனிஷியல் மட்டும் போடுவதால், யாரோ தாடி வைத்த ஓவியர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. மாதுங்காவில் மூன்றாம் மாடியில் சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுகிற ஒருத்தி போட்ட பேய் என்று தெரிந்தால் யார் பயப்படுவார்கள்?

சரி, என் படத்தில் ஒருவர் கிறுக்குகிறார். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த ஒரு போஸ்ட் கார்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கார்டு, பத்திரிகை ஆசிரியரிடமிருந்து வந்தது. நாலே வரி.

'கதை நடப்பது கும்பகோணம் பக்கத்துக் குளக்கரையில். பேயோ குளத்தில் விழுந்து செத்த பெண். அதற்கு ஓவர்கோட்டும் பூட்ஸும் எதற்கு? இந்தப் பேயை எங்கோ பார்த்த ஞாபகம் எங்களுக்கும் இருக்கிறது, வாசகர்களுக்கும் இருக்கிறது. அடுத்த படமும் இப்படியே இருந்தால், தொடரை இங்கேயே வேறு ஒருவரிடம் கொடுத்துவிட உத்தேசம்.'

படித்ததும் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், அவர் சொன்னது அத்தனையும் நிஜம். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம், வெளிநாட்டுத் திகில் படப் புத்தகங்களாகப் பொறுக்கி வாங்கி வைத்திருந்தேன். கோரைப் பல், நீள நகம், கோட்டுக் காலர்... எல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான். தலையை அவிழ்த்துவிட்டு, நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் நம் ஊர்ப் பேய் ஆகிவிடும் என்று நினைத்துவிட்டேன். பூட்ஸைக் கழற்றத் தோன்றவே இல்லை.

என் கணவரிடம் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

“பாவம்டி, அதுக்கு ஜலதோஷம் போல இருக்கு” என்றார். “மே மாசத்துல கோட்டைப் போத்திண்டு நிக்கறதே!”

அவருக்கு வேடிக்கை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். காலையிலிருந்து மாலை வரை என் விரல் அடிப்பதெல்லாம் அடுத்தவர் சொல்லும் வார்த்தை. 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'க்குக் கீழே அடுத்தவர் கையெழுத்து. வாரத்தில் ஒரே ஒரு படம்தான் என்னுடையது என்று இருந்தேன். அதுவும் இன்னொருவனுடையது என்று ஒருவர் மதராஸில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டார். அந்தப் படமும் போய்விட்டால் எனக்கென்று என்ன இருக்கிறது? ரேஷன் கார்டில் ஒரு பெயர்.

விடவில்லை. கோயில் வாசல் பூதம் மாதிரி ஒன்று போட்டேன். உருட்டு விழி, பிதுங்கிய நாக்கு. “இது நம்மாத்து காலண்டர்ல இருக்கே?” என்றார் கணவர். இருக்கிறதுதான். கிழித்துப் போட்டேன். எலும்புக்கூடு போட்டேன். பள்ளிக்கூடத்துச் சயன்ஸ் ரூமில் மாட்டியிருப்பது போல் வந்தது. மொத்தம் எத்தனை கிழித்தேனோ, அடுப்புப் பற்றவைக்கக் காகிதப் பஞ்சமே இல்லாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று தபாலில் சேர்த்தாக வேண்டும். மேஜை மேல் வெள்ளைக் காகிதம் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வாசலில் பெரிய கோலம். பதினைந்து புள்ளி சிக்குக் கோலம். உங்களில் போடுகிறவர்களுக்குத் தெரியும்... இழை எங்கே ஆரம்பித்ததோ, எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து சேர வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் கோலமே இல்லை. அன்று கை தன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது, மனசெல்லாம் பேயிடம். கடைசி வளைவுக்கு வந்தபோது உள்ளே பால் பொங்கும் வாசனை. ஓடினேன். பாலை இறக்கினேன். கோலத்தை முடித்துவிட்டதாகவே நினைத்துக் குளிக்கப் போய்விட்டேன்.

வெளியே வந்தால் வாசலில் கூட்டம்!

எங்கள் வீடு மாடிப்படியை ஒட்டியது. யார் இறங்கினாலும் என் கோலத்தை ஒட்டித்தான் போக வேண்டும். அங்கே கோடி வீட்டு அம்புஜம் மாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ரயிலைப் பிடிக்க வந்த அத்தனை பேரையும் மறித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் டிபன் டப்பாவுடன் பக்கத்து வீட்டு ஜோஷி.

“க்யா ஹுவா, மாமி?” என்ன ஆச்சு என்று ஹிந்தியில் விசாரிக்கிறார் ஜோஷி.

“யாரும் தாண்டாதேங்கோ!” என்ற மாமி என் பக்கம் திரும்பினாள். “ஏண்டி ராஜி, இழை சேரலையேடி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசலைத் திறந்து போட்டிருக்கியே. எது வேணும்னாலும் உள்ள வந்துடாதோ?”

குனிந்து பார்த்தேன். கோலத்தின் கீழ்க் கோடியில் ஓர் இழை, போக இடம் தெரியாமல் அப்படியே நின்றிருந்தது. அதன் பக்கத்தில் யாரும் சுற்றாத ஒற்றைப் புள்ளி.

அப்புறம் மாமியின் முகத்தைப் பார்த்தேன். அம்புஜம் மாமி சாமானியப்பட்டவள் இல்லை. மாதுங்கா மார்க்கெட்டில் தேங்காய்க்காரனையே நடுங்க வைப்பவள். என் கோரைப் பல் பேயைப் பார்த்து “நன்னா இருக்கே, யாரு கல்யாணத்துல எடுத்தது?” என்று கேட்டவள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆறு மாதமாக நகமும் பல்லுமாகப் போட்டு நான் ஒருவருக்கும் வரவழைக்க முடியாத பயத்தை, மாவில் விட்டுப்போன நாலு அங்குல இடைவெளி வரவழைத்துவிட்டது!

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உள்ளே ஓடினேன். கோலமாவு எடுக்க ஓடுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் எடுத்து வந்தது காகிதமும் பென்சிலும்.

“படம் போடறாளாம் படம்! அதை முதல்ல மூடுடி!”

“ஒரு நிமிஷம் மாமி. அப்படியே நில்லுங்கோ. ப்ளீஸ்!”

ஒரு நிமிஷம் என்பது பத்து நிமிஷம் ஆயிற்று. அந்த இழை எப்படி நின்றது, புள்ளி எவ்வளவு தள்ளி இருந்தது, எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்துக்கொண்ட பிறகுதான் மாவை எடுத்து இழையைச் சேர்த்தேன். எங்கள் மாடியில் அன்று ஒருவருக்கும் எட்டு நாற்பத்திரண்டு கிடைக்கவில்லை. ஜோஷி இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அன்று மத்தியானம் ஆபீஸ் லஞ்ச் டைமில், டைப்ரைட்டரை ஓரம் தள்ளிவிட்டு என் பேயைப் போட்டேன். முதலில் புள்ளி வைத்தேன். பேனாவைத் தூக்காமல் ஒரே இழை. அதுவே வளைந்து கூந்தல் ஆயிற்று, தோள் ஆயிற்று, விரல் ஆயிற்று. பல் இல்லை, நகம் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில், யாரும் சுற்றாத ஒற்றைப் புள்ளி. கால் இருக்க வேண்டிய இடத்தில் இழை சேராமல் தொங்குகிறது. அவ்வளவுதான். எங்கேயும் திருத்தவில்லை. ஏழு வயசிலிருந்து தினமும் போடுகிற கைக்குத் திருத்த என்ன இருக்கிறது?

நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. சொந்தப் பாணி எங்கே, எங்கே என்று நடைபாதைக் கடையில் முட்டி போட்டுத் தேடியவள், அதைத் தினமும் காலையில் வாசலில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் நானே பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தானோ? கை நன்றாக அறிந்ததைக் கலை என்று மனசு ஒப்புக்கொள்வதே இல்லை. அது வீட்டு வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம்!

தபாலில் சேர்த்தேன். அடுத்த வாரப் படங்களையும் அதே மாதிரி போட்டு அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. தொடர் கைவிட்டுப் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். போஸ்ட்மேன் படி ஏறும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். மூன்றாவது வாரம் கார்டு வந்தது. இந்தத் தடவை இரண்டே வரி.

'ஓவியர் படத்தை முடிக்காமல் விட்டுவிட்டார் என்று வாசகர்கள் கட்டுக்கட்டாகப் புகார் எழுதுகிறார்கள். தயவுசெய்து முடித்துவிட வேண்டாம்.'

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று நன்றாக அழுதேன். சந்தோஷம்தான். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை கேலியை விட்டுவிட்டுக் காபி கலந்து கொடுத்தார்.

இப்போது ரயிலுக்கு வருவோம். எதிர் ஸீட்டு அம்மாள் சயானில் ஏறியவர். தாராவியில் பலசரக்குக் கடையாம். நான் பார்ப்பதைக் கண்டதும் பத்திரிகையைத் திருப்பிக் காட்டினார். என் பேயின் கால் இழை, துண்டுப் பென்சிலால் வளைந்து, ஒற்றைப் புள்ளியைச் சுற்றி, ஆரம்பித்த இடத்தில் வந்து அழகாகச் சேர்ந்திருந்தது.

“பாருங்கம்மா, எவனோ பாதியில விட்டுட்டுப் போயிட்டான்” என்றார். “இப்படித் தொறந்து கெடந்தா வீட்டுக்குள்ள வெச்சுக்க முடியுமா? அதான் நானே முடிச்சிட்டேன். வாராவாரம் இதே வேலையாப் போச்சு எனக்கு.”

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“பின்னே? நெஞ்சு திக்குதிக்குன்னுல்லா இருக்கு!”

“அப்போ ஏன் வாங்கறேள்?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அடுத்த வாரம் வேற யாரு வந்து மூடுவா?”

அந்த 'எவனோ' நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வி.டி. ஸ்டேஷன் வரும்வரை சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை பேரைப் பயமுறுத்துகிறாயே, உனக்குப் பயமில்லையா என்று கேட்பீர்கள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து, வாசல் கோலத்தில் இழை சேர்ந்திருக்கிறதா என்று மூன்று தடவை குனிந்து பார்க்காமல் நான் ரயிலுக்குக் கிளம்பியதே இல்லை!