கூடவே மூச்சடக்கியவர்

பக்கவாதம் வந்து கொஞ்சம் தேறியிருந்த நைனாவை நகரியிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். மூச்சை அடக்கும்போது மூளையின் ரத்தக்குழாய் விரிகிறதா என்று நெற்றியில் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் டெஸ்ட். விரிந்தால் திரையில் கோடு ஏறும், விரியாவிட்டால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

டெஸ்ட் எடுத்தவர் குள்ளமான, ஒல்லியான மனிதர். ஒளியை மறைக்கும் என்று நைனாவின் நாமத்தைத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார். "முழுசா அழிக்காதடா, கொஞ்சம் உட்டுவை" என்றார் நைனா. இடது ஓரத்தில் மங்கலாக விட்டுவைத்தேன்.

நெற்றியில் சென்சார் பட்டியைக் கட்டி, "இப்ப மூச்சைப் புடிங்க, பெரியவரே" என்றவர், தானும் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்கினார். திரையில் வலது கோடு ஏறியது. இடது கோடு படுத்தே கிடந்தது.

"சார், அந்தப் பக்கம் நாமம் கொஞ்சம் கீது. நான்தான் உட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். பட்டியை அவிழ்த்து ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்து, திரும்பக் கட்டிவிட்டு, "சரி, மறுபடி" என்றார்.

முப்பது செகண்டில் நைனா மூச்சை விட்டுவிட்டார். டெஸ்ட் எடுத்தவர் விடவில்லை. முகம் சிவக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பிந்தி இடது கோடு அசைந்தது. மெல்ல ஏறியது. அதற்கப்புறம்தான் அவர் மூச்சை விட்டார்.

"நீங்க எதுக்கு சார் மூச்ச அடக்கிக்கினு கீறீங்க?" என்று கேட்டேன்.

"நானா?" என்றார், நிஜமாகவே தெரியாதவர்போல.

வெளியே வந்து கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அடுத்த ஆளின் எதிரில் அவர் கன்னம் மறுபடி உப்பியிருந்தது.