விசில் அடிக்கும் வரை பேசிய எம்.எல்.ஏ.

துளசிலிங்கம் அவர்களுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லப்பட்டன. ஒன்று தவறு. மற்றொன்று உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

தவறானதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் அவருடைய காரியதரிசியாக ஒருநாளும் இருந்ததில்லை. அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்ததும் இல்லை. பிறர் எழுதிய பேச்சைப் பேசக்கூடிய மனிதரும் அவர் அல்லர். ஆங்கிலத்தில் வந்த அரசாணைகளுக்குத் தமிழில் பொருள் சொன்னேன், அவ்வளவுதான். இரண்டாவது செய்தியைச் சொன்னவர் அவருடைய மகன். கணவரை இழந்த எனக்கு இவ்வூர்ப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது அப்பா சொன்ன ஒரு வார்த்தையால்தான் என்றார். கூட்டம் தலையாட்டியது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை ஆண்டுகளாக அந்த வேலையை என் படிப்பு வாங்கித் தந்தது என்று நம்ப விரும்பியவள் நான்.

அவர் மறைந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கண்டக்டர் பாலு. ஊத்துக்கோட்டை பஸ்ஸில் நெடுங்காலமாக இருப்பவர். காலையில் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, இனிமே யாருக்காகவும் வண்டிய நிறுத்திக்கினு நிக்க வேணாம். ஐயா பூட்டாரு."

பிறகு அவரே, "எத்தினி தடவ விசில் அடிச்சு அந்த மனுசன் வாய அடச்சிருக்கேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இளையவர்களுக்கு இது புரியாது. அறுபதுகளில் துளசிலிங்கம் எம்.எல்.ஏ.வாக இருந்தபோது, சட்டசபைக் கூட்டத்தொடர் முடிந்து ஊர் திரும்பியதும், அரசாங்கம் ஏழைகளுக்கு என்ன தருகிறது, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று தொகுதி மக்களுக்குச் சொல்வதை வழக்கமாக வைத்திருந்தார். மேடை கிடையாது. பஸ் நிலையத்தில் புறப்படக் காத்திருக்கும் பஸ்ஸின் பின்படியில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவார். கண்டக்டர் விசில் அடித்தால் பேச்சு முடிந்தது. அதே பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போய் அங்கும் படியில் நின்று அதையே சொல்வார்.

ஏன் பஸ் படி என்று கேட்டேன். "மேடைன்னா நாற்காலி போடணும் டீச்சரம்மா. நாற்காலி போட்டா யாரு குந்தறதுன்னு சண்டை வரும். படியில ஒர்த்தன்தான் நிக்க முடியும்" என்றார். அது முழுக் காரணம் என்று நான் நம்பவில்லை. விசில் என்ற ஒன்று இருந்ததால் அவர் எதையும் நீட்டவில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

அவர் சொல்வதில் மூன்று பகுதிகள் இருக்கும். இது வந்திருக்கு. இது வரல. இது எனக்குத் தெரியல. மூன்றாவதை அவர் சொல்லும்போது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. நான் படித்த கான்வென்ட்டில் தெரியாது என்று சொன்ன பெண்ணை பெஞ்சின்மேல் நிற்க வைப்பார்கள். இவரோ தாமாகவே படியேறி நின்று அதைச் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர்கள் அவருக்குத் 'தெரியல எம்.எல்.ஏ.' என்று பெயர் வைத்தார்கள்.

ஒருமுறை சந்தை நாளில் கூட்டத்திலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். "போன தபா மண்ணெண்ண வரும்னீயே நைனா, எங்க அது?"

"வரும்னு எங்க சொன்னேன்? தெரியலன்னு சொன்னேன். தெரியலன்றத வரும்னு நீயே மாத்திக்கினு ஊட்டுக்குப் போனா நான் இன்னா பண்றது?"

"அப்ப இப்பவாவது தெரியுமா?"

"இப்ப தெரியும். வராது."

எல்லோரும் சிரித்தார்கள், கேட்டவரும்கூட. வராது என்று தெரிந்துகொண்ட பிறகு ஏன் சிரித்தார்கள் என்பதை நான் பல நாள் யோசித்தேன்.

அவர் என்னிடம் முதன்முதலில் வந்தது நான் வேலையில் சேர்ந்து சில மாதங்கள் ஆன பிறகு. பள்ளி விடும் நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து, "டீச்சரம்மா, இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு தமிழ்ல சொல்லுங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். முதியோர் உதவித்தொகை பற்றிய அரசாணை. எனக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "ஊர்ல சொன்னாங்க" என்றார். அவருடைய நெல் என் கணவர் கணக்கு எழுதிய ஆலைக்குத்தான் வரும் என்று பின்னர் அறிந்தேன்; என்னைப் பற்றி அங்கேயே கேள்விப்பட்டிருக்கலாம். அப்போதும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த உதவித்தொகை விஷயத்தில்தான் அவரை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஆதரவு யாரும் இல்லாத முதியவர்களுக்கு மட்டுமே அது உண்டு. படியில் நின்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். மனுக்களும் போயின. ஆனால் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 'ஆதரவு உண்டு' என்று விசாரணைக்கு வந்த அதிகாரி எழுதியிருந்தார். அதிகாரி கெட்டவர் அல்லர், பொய் எழுதுகிறவரும் அல்லர். துளசிலிங்கம் கோபப்படவில்லை. "எங்கியோ இடிக்குது. போய்ப் பாத்தாத்தான் தெரியும். நீங்களும் வாங்க" என்றார்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் போனோம். கன்னியம்மா என்ற கிழவியின் குடிசை முன் விசாரணை. கணவர் இல்லை. ஆந்திரப் பக்கம் கூலிக்குப் போன மகன் திரும்பவில்லை. விதி என்னவென்று நான் முன்கூட்டியே அவளுக்கு விளக்கியிருந்தேன். அதிகாரி கேட்டால் 'எனக்கு யாரும் இல்லை' என்று சொல்ல வேண்டும், அது போதும் என்றேன்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவே சுற்றி நின்றது. "உனக்கு யாரும் இல்லியாம்மா?"

கன்னியம்மா சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்தாள். "இன்னாய்யா இப்டி கேட்டுட்ட? ஊரே என் ஜனம்தான். யாரும் இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். நான் அவசரமாக அவளைத் தனியே அழைத்து, அது வெறும் விதிக்காகச் சொல்ல வேண்டிய வார்த்தை என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கும் ஊட்டுக்காரர் இல்லன்றாங்க. நாலு பேரு எதுக்க நீ சொல்லுவியாம்மா, எனக்கு யாரும் இல்லன்னு?"

நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒவ்வொரு ஊரிலும் இதுதான் நடந்திருக்கிறது. தினமும் கூழ் ஊற்றுகிற பக்கத்து வீட்டுக்காரி எதிரில் நிற்கும்போது, எனக்கு யாருமில்லை என்று சொன்னால் அவள் முகத்தில் அடித்தது போலாகும். நாளைக்கு அந்தக் கூழும் வராது. துளசிலிங்கம் கூட்டத்தை விலக்கிவிடச் சொல்லவில்லை. அதிகாரியிடம் குனிந்து, "சார், கேள்விய நான் கேக்கட்டுமா?" என்றார். பிறகு கன்னியம்மாவிடம் திரும்பினார்.

"யம்மா, உன் அடுப்புல வேகற அரிசி யாரு ஊட்டு அரிசி?"

"என் அடுப்பு எங்க எரியுது? திங்கக்கிழம முனுசாமி ஊட்ல சோறு. செவ்வாய்க்கிழம பெரியாயி ஊட்ல கூழு. பொதங்கிழம அவ மருமவ வந்து கூட்டுக்கினு போவா." பெருமையாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு பெயரையும் சொல்லும்போது அந்த வீட்டுப் பெண் நிமிர்ந்து நின்றாள். அதிகாரி வாரம் முழுவதையும் கேட்டுவிட்டு, சொந்த வருமானமோ காப்பாற்றும் மக்களோ இல்லை என்று எழுதினார். கன்னியம்மாவுக்கு உதவித்தொகை வந்தது. அதன் பிறகு மற்ற ஊர்களிலும் அந்த அதிகாரி அந்தக் கேள்வியையே கேட்டார்.

திரும்பும் வழியெல்லாம் கன்னியம்மாவிடம் அவர் கேட்டது மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் அடுப்பில் வேகிற அரிசி யாருடையது? என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன். வேலைக்கு நேர்முகத் தேர்வில் ஆங்கிலப் பகுதி ஒன்றை வாசிக்கச் சொன்னார்கள், பிழையில்லாமல் வாசித்தேன். ஆனால் அதே நாளில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். அவர்களும் வாசித்திருப்பார்கள்.

அடுத்த வாரம் திருவள்ளூர் பஸ் நிலையத்தில், அவர் படியில் ஏறுவதற்கு முன் நேராகக் கேட்டேன். "எனக்கு இந்த வேலை கிடைத்ததில் உங்கள் பேச்சு ஏதாவது உண்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். வாயைத் திறந்தார். பாலு விசில் அடித்தார்.

"விசில் அடிச்சாச்சே டீச்சரம்மா" என்று சொல்லிப் படியில் ஏறிவிட்டார். பஸ் கிளம்பியது. அன்று அவர் ஊருக்கு எதுவும் சொல்லவில்லை. காத்திருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

ஆம், இல்லை, தெரியாது என்று மூன்றையும் ஊரறியச் சொல்லிப் பழகியவர் எனக்கு மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. விசில் அடித்தால் பேச்சு முடிந்தது என்ற தம் விதியை மதித்தாரா, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்பது எனக்கு வழக்கமில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வரப்போகும் பேச்சு எழுந்தபோது, எல்லோரும் வீட்டுக்கொரு வேலை என்று மேடையில் முழங்கினார்கள். இவர் படியில் நின்று, "ஆலை வருது. நிலம் போவுது. வேலை யாருக்குன்னு எனக்குத் தெரியல" என்றார். அடுத்த தேர்தலில் தோற்றார். தோற்ற பிறகும் ஒருமுறை வந்து படியில் ஏறினார். "இனிமே எனக்குக் காகிதம் வராது. புது எம்.எல்.ஏ. ஊடு ரயில்வே கேட்டு தாண்டி மொதல் தெரு. நல்ல மாதிரிதான். போய்க் கேளுங்க, கூச்சப்படாதீங்க" என்றார். அன்று பாலு விசிலை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடிக்காமல் நின்றார். "அடிடா, ஜனங்க ஊடு போய்ச் சேர வாணாமா?" என்று இவர்தான் அதட்டினார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை சில. என் வகுப்பில் தெரியாது என்று சொன்ன பெண்ணை நான் நிற்க வைத்ததில்லை. ஒருவரிடம் இல்லாததைக் கேட்டு விசாரிப்பதைவிட இருப்பதைக் கேட்டு விசாரிக்கலாம் என்பதைக் கன்னியம்மாவின் குடிசை முன் கற்றேன். பதில் வராத ஒரு கேள்வியும் என்னிடம் இருக்கிறது.

அதனால் அவருடைய மகனுக்கு இதை எழுதுகிறேன். தம்பி, கூட்டத்தில் சொன்னதை நீங்கள் அப்பாவின் வாயால் கேட்டீர்களா, அல்லது அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிச் சொன்னீர்களா? அவரே சொல்லியிருந்தால், நன்றி சொல்ல வேண்டிய ஒருவருக்கு நான் சொல்லாமல் இருந்துவிட்டேன், அதை உங்கள் தாயாரிடமாவது வந்து சொல்வேன். இல்லை என்றால், சொன்ன இடத்திலேயே நீங்கள் அதைத் திருத்த வேண்டும். தெரியவில்லை என்றால் அதையும் எழுதலாம். உங்கள் வீட்டில் அது வெட்கப்பட வேண்டிய வார்த்தை அல்ல. ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். ஒரு வரி போதும். எழுத்தில் பதில் தாருங்கள்.