மணல் ஏறிய ஊரில் ஒன்றாம் நம்பர் வீடு

சுரங்கம் மூடிய பிறகும் அந்த ஊரை விட்டுப் போகாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, தொலைபேசி நிலையத்தில் பத்தொன்பது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கேட்ட நம்பருக்கு இணைப்புக் கொடுத்தவள். ஊரே அவளை ‘போனக்கா’ என்றுதான் கூப்பிட்டது. இன்னொருவர் அவள் கணவர், சுரங்கக் கம்பெனியின் தச்சர்.

“குழாய்ல தண்ணி வர்ற வரைக்கும் இருந்து பாப்போம்” என்றார் தச்சர். ரயிலுக்காகப் போட்ட குழாய் அது. தண்ணீர் நிற்கவே இல்லை. சரக்கு ரயில் ஓட்டும் கொழுந்தன் வாரம் ஒருமுறை வண்டியை மெதுவாக்கி, அரிசியும் எண்ணெயும் இறக்கிவிட்டுப் போவான்.

ஊருக்குப் பின்னால் மணல்மேடு. ஆட்கள் இருந்தவரை தினமும் நாற்பது பேர் மணலை அள்ளிக் கொட்டினார்கள். அவர்கள் போனதும் மணல் உள்ளே வந்தது. அவசரமே இல்லை அதற்கு. முதலில் வாசல், பிறகு கூடம். சமையலறைக்கும் வந்துவிட்டால் இருவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவார்கள். ஒன்பது வருடத்தில் ஏழு வீடு.

புது வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் போன் இருந்த இடத்தைத்தான் தேடுவாள். சுவரில் இரண்டு திருகாணி ஓட்டைகள் இருக்கும். அங்கே கொஞ்ச நேரம் நிற்பாள். “இருபத்திரெண்டாம் நம்பர். பல் டாக்டர் சம்சாரம் இங்க நின்னுதான் மூச்சு விடாம பேசியிருக்கும்.” அந்த ஊரின் எல்லா வீடுகளையும் அவள் காதால் மட்டுமே அறிந்திருந்தாள். இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தாள்.

கடைசியில் பாறை மேட்டின்மேல் இருந்த சுரங்க மேனேஜரின் வீடு. ஒன்றாம் நம்பர். மாடி அறையின் நீலக் கண்ணாடி வழியாக வெயில் விழும்போது, தரையில் படிந்த மணல் மெல்ல அசையும் தண்ணீர் போலிருக்கும். அதைப் பார்த்தபடியே இருவரும் மத்தியானத்தில் கண்ணயர்ந்துவிடுவார்கள்.

அங்கே மூன்று வருடம் ஆனபோது, ஆளில்லாத ஊர்களின் வரலாற்றை எழுதும் அரசு அலுவலர் ஒருவர் வந்தார். நான்கு நாள் அவளோடு தெருத் தெருவாக நடந்தார். எந்த வீட்டில் யார், எத்தனை குழந்தைகள் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நான்காம் நாள் கேட்டார்:

“மேனேஜர் சம்சாரம் ஏன் திடீர்னு ஊரை விட்டுப் போனாங்க? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“தெரியும்.”

அலுவலர் பேனாவோடு காத்திருந்தார்.

“லைன்ல கேட்டது லைனோட போச்சு சார். வேற ஏதாவது கேளுங்க.”

“என்கிட்டயே சொன்னதில்ல. பன்னெண்டு வருஷமா கேட்டுப் பாக்குறேன்” என்றார் தச்சர்.

இரண்டு மாதம் கழித்து அலுவலரின் ஜீப் மறுபடி வந்தது. ஒரு வயதான அம்மாள் கைத்தடி ஊன்றி இறங்கினார். அலுவலர்தான் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாள்தான் மேனேஜரின் மனைவி. போனக்காவுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. மாடிக் கைப்பிடியில் தச்சரின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

“உள்ள வாங்கம்மா” என்றாள்.

குரலைக் கேட்டதும் அந்த அம்மாள் படியிலேயே நின்றுவிட்டார். “நீங்களா?”

இருவரும் அதுவரை பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால் ஆறு வருடம், மத்தியானம் மூன்று மணிக்கு தொலைபேசி நிலையப் பலகையில் ஒன்றாம் நம்பர் விளக்கு எரியும். அந்த அம்மாள் எந்த நம்பரும் கேட்கமாட்டார். “அங்க காத்து அடிக்குதா?” என்பார். திரைச்சீலையில் ஒளிந்த பல்லி, கழுத்தில் வந்த வேர்க்குரு என்று பேச்சு போகும். பிறகு ஒருநாள் விளக்கு எரியவில்லை.

இருவரும் மாடிக்குப் போய் மணலிலேயே உட்கார்ந்தார்கள். அலுவலரும் பின்னாலேயே ஏறி வந்தார். பிறகு அந்த அம்மாள் அலுவலரைப் பார்த்தார்.

“இவங்க சொல்லலையாமே. நானே சொல்றேன், எழுதிக்குங்க. இந்த வீட்ல என்கிட்ட பேச ஆள் கிடையாது. போன்ல பேசின ஒரே ஆளையும் பாக்கப் போகக்கூடாதுன்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு. எங்கண்ணனுக்குப் போன் போட்டேன், வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான்.”

அலுவலர் எழுதி முடித்து, தயங்கித் தயங்கி ஒரு கடிதத்தை எடுத்தார். வீடு பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிட்டது. குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும்.

“இவங்கள எதுக்கு அனுப்புறீங்க?” என்றார் அந்த அம்மாள். “கீழ இருந்து பாத்தப்போ துணி காஞ்சுது. மனுஷங்க இருக்குற வீடுன்னு அப்பதான் தோணுச்சு. நான் இருந்தப்போ அப்படித் தோணல.”

அலுவலர் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் என்ன சொன்னாரோ, இன்னும் நான்கு வருடம் யாரும் அவர்களைக் கிளப்பவில்லை. தச்சருக்கு முழங்கால் மடங்காமல் போனபோது அவர்களாகவே கிளம்பி, ரயில் சந்திப்பில் இருந்த கொழுந்தன் வீட்டுக்குப் போனார்கள்.

முதல் வாரம் கொழுந்தன் கேட்டான்: “தூக்கம் வருதா அண்ணி?”

“வருது. ஆனா காலையில எந்திரிச்சா வீடு நேத்து இருந்த மாதிரியே இருக்கு” என்றாள் போனக்கா. “பழக கொஞ்ச நாளாகும்.”