பொன்னுருக்குக்கு வந்த பூங்காக் காசு

எனக்குத் தாலி செய்யப் பொன்னுருக்கிய காலையில் நான் ஆரையம்பதியில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றேன். மணப்பெண் பொன்னுருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. களுதாவளையில், மாப்பிள்ளை வீட்டில், பத்தர் நல்ல நேரம் பார்த்துப் பொற்காசை உருக்குவார். எங்கள் பக்கத்திலிருந்து அப்பாவும் மாமாமாரும் போயிருந்தார்கள். யாருடைய கழுத்துக்கு அந்தப் பொன் வரப்போகிறதோ அவளுக்கு மட்டும் சபையில் இடமில்லை. எனக்கு இதில் எப்போதும் எரிச்சல்தான்.

அந்த எரிச்சலோடு நிற்கும்போது, என்னைக் கட்டப்போகிறவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். "உருக்கப் போற காசு" என்று கீழே எழுதியிருந்தார்.

வழக்கமாக நகைக்கடையில் வாங்கும் பவுன் காசு இல்லை அது. நடுவில் ஓர்கிட் பூ ஒன்று, இதழின் நரம்புகூடத் தெரிந்தது. விளிம்பில் ஒரு தாவரவியல் பூங்காவின் பெயர். அவர் எட்டு வருடம் வெளிநாட்டில் வேலை செய்த பூங்கா. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பூவைக் கண்டால் அதன் குலம் கோத்திரம் விசாரிக்காமல் விடமாட்டேன். அங்கேயே நின்று இணையத்தில் தேடினேன். பூங்காவின் ஆண்டு விழாவுக்காகப் பொன்னில் கொஞ்சமே அடித்தார்களாம். காசு சேர்ப்பவர்கள் இன்னும் தேடித் திரிகிறார்களாம்.

"என்ன புள்ள, பால் வழியிறது தெரியல்லியா?" என்று அம்மா கத்தினார்.

நான் வெளியே ஓடிப்போய் அவரை அழைத்தேன்.

"அத உருக்காதீங்க! கிடைக்காத காசு அது. உங்களுக்கு எப்பிடி வந்த?"

"விழாவுக்கு வந்த பெரியாக்களுக்குக் குடுத்தது. ஒராள் போகக்குள்ள தன்டத என்ட கையில வச்சிற்றுப் போனார். ஏன் டீச்சர், வேணாமா?"

"வேற காசு வாங்க ஏலாதா?"

"இனி எங்க வாங்கிற? பத்தர் நெருப்பு மூட்டிற்றார், உங்கட ஆக்களும் வந்து இரிக்காங்க. ஆனா நீங்க வேணாமெண்டா நிப்பாட்டுறன். ஆக்கள் என்னெண்டாலும் கதைக்கட்டும்."

பொன்னுருக்கு நின்றால் ஊர் வாய் சும்மா இருக்காது, கல்யாணமே சரிவராது என்பார்கள். அப்பா அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அந்தப் பூவை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போனது பாருங்கள்.

"மற்றப் பக்கத்தில என்ன இரிக்கு?" என்று கேட்டேன்.

"வாசல். பூங்காட முன்வாசல். பெரிய இரும்புக் கதவு, மேல வளைவு. நல்ல வடிவா அடிச்சிரிக்காங்க."

"அதால உள்ள போனா முதல்ல என்ன வரும்? ஓர்கிட் தோட்டமா?"

"தெரியா," என்றார். "நாங்க அதால போறல்ல. தோட்ட வேலையாக்களுக்குப் பின்னால, உரம் குவிக்கிற பக்கம், ஒரு சின்னக் கதவு. எட்டு வருசமும் அதாலதான் போய் வந்த."

பஸ் எந்தப் பாதையால் போகும் என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் யார் மேல் என்று தெரியாமலே பொல்லாத கோபம் வந்தது.

"பத்தரிட்டக் குடுங்க," என்றேன். "வாசல் இரிக்கிற பக்கத்த நெருப்புக்கு வைக்கச் சொல்லுங்க. அது முதல்ல உருகட்டும்."