சுவிட்சில் வைத்த சந்தனம்

நான் வாங்கும்போதே பழைய வண்டி அது. வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்புக் கார். செஞ்சியில் அதை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடந்தது. ஐந்தாவதோடு என் படிப்பு சரி. சாமிக்குப் பயந்தவன். வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவி, பேட்டரிக்கும், சாவி போடுகிற சுவிட்சுக்கும் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்த தண்ணீரையும் தெளிப்பேன். வண்டிக்கு உயிர் அங்கேதானே இருக்கிறது என்று எண்ணம். நாலு வருஷத்தில் ஒரு வெள்ளி தப்பியதில்லை.

அரிசிக்குத் தட்டுப்பாடாக இருந்த வருஷம், மார்கழி மாதம். அடுத்த தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் தமிழ் ஜைன வீட்டம்மா மத்தியானம் மூன்று மணிக்குமேல் அவசரமாக வண்டி கேட்டார். வல்லம் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊரில் அவர் தாயார் எட்டு நாள் காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் கண் திறந்திருக்கிறார். மகள் வராமல் கஞ்சி குடிக்கமாட்டேன் என்று பிடிவாதம். சேதி கேட்டதும் இந்த அம்மாவும் இலையை விட்டு எழுந்துவிட்டார். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் வாயில் பச்சைத் தண்ணீர்கூட வைக்கமாட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேராவிட்டால், நோயில் கிடந்த அந்தத் தாய் மறுநாள் காலைவரை பட்டினி.

வல்லம் தாண்டி இரண்டு மைலில் வண்டி செத்தது. இன்னும் நாலு மைல் பாக்கி. அந்தப் பாதையில் பஸ் கிடையாது. மாட்டு வண்டி தேடிப் பிடித்தாலும் வழியிலேயே இருட்டிவிடும்.

பானட்டைத் தூக்கினேன். ஊறுகாய்ச் சாடி விளிம்பில் உப்புப் பூப்பதுபோல பேட்டரித் தலை இரண்டிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அதற்கு மேல் என் சந்தனம். வண்டிக்குள்ளிருந்து அந்த அம்மா கேட்டார்.

“இன்னாப்பா, ஆவுமா ஆவாதா? ஆவாதுன்னா இப்பவே சொல்லிடு. நான் நடந்துடறேன்.”

“ஆவும்மா. பொழுது சாயறதுக்குள்ள உங்கள அங்க விட்டுட்றேன்.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மலைமேல் இருக்கிற அம்மனை நினைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தேன். கேட்காமலேயே அந்த அம்மா வயலோரத்துக் குடிசைக்குப் போய் ஒரு செம்பு வெந்நீரும் ஒரு உருண்டைப் புளியும் வாங்கி வந்தார். வயரைக் கழற்றி, பூத்திருந்ததை வெந்நீரால் கரைத்தேன். வயர் நுனியிலிருந்த பித்தளைப் பிடியைப் புளிபோட்டுத் தேய்த்து அலம்பித் துடைத்தேன். உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று வருகிறவரை விடவில்லை. பாடியோடு சேரும் எர்த் வயரையும் அப்படியே செய்து முறுக்கினேன். ஹாரனை அமுக்கிப் பார்த்தேன், அடித்தது. எனக்கு உயிர் வந்தது. வண்டி முகப்பில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினேன். எஞ்சின் புரண்டதே தவிர பிடிக்கவில்லை.

ஹாரனுக்கு வருகிற கரண்ட் எஞ்சினுக்குப் போகவில்லை என்றால் நடுவில் இருப்பது சாவி சுவிட்சுதான். அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நாலு வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் அதைச் சுற்றி அடையாகக் காய்ந்திருந்தன. அதை உடைக்காமல் சுவிட்சு வெளியே வராது. வேண்டிக்கொண்டு வைத்ததை எப்படிச் சுரண்டுவது? அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“வேணும்னா உங்க சாமிகிட்ட நானே கேட்டுக்கறேம்பா. கோவம்னா எம்மேல இருக்கட்டும். அங்க எங்கம்மா வாசலயே பாத்துக்கினு படுத்திருக்கும்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடையைப் பெயர்த்து, கீழே சிந்தி யார் காலும் படாதபடி ஒரு பூவரசு இலையில் மடித்து வைத்தேன். பேட்டரி வயரைத் திரும்பக் கழற்றிவிட்டு சுவிட்சை வெளியே இழுத்தேன். பின்பக்கம் முழுக்கக் களிம்பு. நான் பக்தியோடு தெளித்த தேங்காய்த் தண்ணீர் வாரா வாரம் உள்ளே இறங்கி, செப்பு வயரைத் தின்றிருந்தது. கத்தி முனையால் சுரண்டும்போது ஒரு வயர் முறிந்தே போனது. பல்லால் தோலை உரித்து, புதுச் செம்பு தெரிந்ததும் முறுக்கிக் கட்டினேன். மேற்கே திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்தால் பதறுவேன் என்று தெரியும்.

பேட்டரி வயரை மாட்டினேன். ஹேண்டிலின் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

அந்த நாலு மைலும் பள்ளம் மேடு பார்க்கவில்லை. போய் நின்றபோது வைக்கோல் போரின் உச்சியில் மட்டும் வெயில் இருந்தது. அந்த அம்மா செருப்பைக்கூட வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடினார். வாசலிலிருந்து பார்த்தேன். மகள் ஊட்ட ஊட்ட, அந்தத் தாய் கஞ்சியை வேகவேகமாகக் குடித்தார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே ஏன் இத்தனை நேரம் என்று திட்டவும் செய்தார்.

கை கழுவலாமா என்று நான் நிற்கையில், உள்ளேயிருந்து மகள் இலையோடு வந்தார்.

“கை அப்பறம் கழுவிக்கலாம். நீ மொதல்ல உக்காருப்பா. பொழுது போச்சுன்னா இந்த வூட்ல உனக்கும் சோறு கெடையாது.”

களிம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.