சித்தியின் இலையில் என் கை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். ஓட்டல்களில் எச்சில் இலை எடுத்திருக்கிறேன், தெரியாதவர்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கெல்லாம் வெட்கப்பட்டதில்லை. வெட்கம் என்றால் சித்தியின் வளைகாப்பில் சாப்பிட்டதுதான். அங்கே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சாப்பிடச் சொன்னார்கள்.

அது 2006. எனக்கு ஒன்பது வயது. நாங்கள் சிதம்பரத்தில் இருந்தோம். அம்மாவின் தங்கையைத் திருவதிகையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆறாம் மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு சுகர் என்றார். மாசமாக இருக்கும்போது சிலருக்கு வருவதுதான், சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தால் ஊசி இல்லாமல் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்றாராம். இனிப்பு கூடாது. சோறு ஒரு கரண்டி. மிச்ச வயிற்றைக் கீரையும் சுண்டலும் நிரப்ப வேண்டும்.

மாமியார் வீட்டில் இதைச் சொல்ல முடியாது. நோய்க்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பேசுவார்கள், பிள்ளை பெற்றபின் அழைத்துப்போக வரமாட்டார்கள் என்று அம்மா பயந்தாள். சித்தப்பா துபாயில் இருந்தார். ஆகவே திருவதிகைக்குத் திரும்பிய சித்தி, சோற்று வாசனையே குமட்டுகிறது என்று சொல்லிச் சொல்லி மூன்று மாதம் தள்ளினாள்.

வளைகாப்பு அன்று அந்தப் பொய் செல்லாது. பெண் வீட்டார் கட்டிக்கொண்டு போகும் ஏழு வகைச் சோற்றையும் அவள் எல்லோரும் பார்க்கச் சாப்பிட வேண்டும். அம்மாவும் சித்தியும் யோசித்து என்னைப் பிடித்தார்கள். ஆண் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் ஆண் பிள்ளை பிறக்கும் என்று சொல்லி என்னை அவளை ஒட்டி உட்காரவைப்பது. அவள் கண்ணைக் காட்டும்போதெல்லாம் அவள் இலையில் இருப்பதை நான் எடுத்து விழுங்குவது. திருவதிகைக்கு வேனில் போகும்போதே அம்மா எச்சரித்தாள்.

“சுகரு கிகருன்னு எங்கயாவது வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்.”

நன்றாகத்தான் நடந்தது. சர்க்கரைப் பொங்கல், லட்டு, அதிரசம், மறுபடியும் பொங்கல். தொண்டைவரை ஏறி நின்றது. இருந்தாலும் ஒரு வேலையைச் சரியாகச் செய்கிற பெருமை எனக்கு. பொங்கல் வாளியோடு மாமியார் திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை. என் கை சித்தியின் இலையில் இருந்தது.

“ஏண்டா, புள்ளத்தாச்சி எலயில கைய வைக்கிற? ஒங்க ஊட்டுல சோறே போட மாட்டாங்களா?”

எதிர் வரிசையில் ஒரு பெண் கேட்டாள். “மாசமா இருக்கறது அவளா, இவனா?”

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

“எனக்கு ஒண்ணும் வேணாம். சித்திக்கு சுகரு, டாக்டர் திங்கக் கூடாதுன்னாங்க. அதான் நான் திங்கறேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. மாமியார் சித்தியைப் பார்த்தார். சித்தி சிரித்துக்கொண்டே என் காதைப் பிடித்துத் திருகினாள்.

“மாட்டிக்கினதும் எப்படிக் கத கட்றான் பாருங்க அத்த. நீங்க வைங்க. எனக்கு இன்னிக்கிதான் வாய்க்குப் புடிக்குது.”

மாமியார் ஒரு கரண்டி வைத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்தார். பிறகு கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார். சித்தி அதையும் வழித்துச் சாப்பிட்டாள். அம்மா எழுந்து வந்து, பொய் சொன்னதற்காக என் முதுகில் நாலு வைத்தாள்.

நான் அழுதுகொண்டே மொட்டைமாடிக்குப் போனேன். சொன்னது உண்மை, கிடைத்தது அடி. கிளம்புவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சித்தி சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள். சமாதானம் செய்ய வருகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். உச்சி வெயிலில், வெறுங்காலோடு, ஒன்பது மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக வேகவேகமாக நடந்தாள். புது வளையல்கள் விடாமல் சத்தம் போட்டன. திரும்பும் இடத்தில் மட்டும் நின்று மூச்சு வாங்கினாள்.

தின்ற சர்க்கரையை நடந்தே கரைத்துவிடப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. என் மேல் இருக்கிற கோபம் ஆறாமல்தான் நடக்கிறாள் என்று நினைத்தேன். நடக்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன்.