வாத்துக்கு ஒன்றுமில்லை

போன வாரம் ஒரு நாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால்... தரை முழுக்க இறகு!

கீரிதான் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்தேன். செம்மேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அதைத் தாண்டினால் காடு. கீரிக்குச் சொல்லவா வேண்டும்? பதறிப்போய்த் தேடினேன். பெட்டை வாத்துகள் பத்திரமாக இருந்தன. ஆண் வாத்து மட்டும் வாழைக் கன்றுகளுக்கு நடுவே பதுங்கி நின்றது. உயிரோடுதான். ஆனால் — இது அதுதானா?

பச்சைப் பட்டாக மினுங்கும் தலையைக் காணோம். வால் மேல் ஸ்டைலாகச் சுருண்டிருக்கும் இறகையும் காணோம். நனைந்த சாக்கு மாதிரி நின்றது.

வாத்துகள் என் மனைவியுடையவை. அவள் இப்போது பெங்களூரில். மகளுக்கு இரண்டாவது பிரசவம். பங்குனியில் போனவள், ஆடி பிறந்தும் திரும்பவில்லை. குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றாள், நின்றது. குப்புற விழட்டும் என்றாள், விழுந்தது. இனிமேல் தவழ வேண்டுமாம்!

"அம்மா எப்பங்க வாராங்க?" என்று முட்டை வாங்க வரும் பழனியம்மா கேட்கிறார். வாத்துகள் முட்டையை நிறுத்திவிட்டன. அவர் கேள்வியை நிறுத்தவில்லை.

அந்த ஆண் வாத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆசை என்றே சொல்லலாம். வாத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓடி வந்துவிடுவாள் அல்லவா? இருப்பதிலேயே பரிதாபமான ஒரு போட்டோவை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏனுங்க, அது எறகு உதிர்க்குதுங்க. வருசா வருசம் உதிர்க்குமே... பார்த்ததில்லீங்களா?"

பார்த்ததில்லை. பேப்பரும் கையுமாக வீட்டின் முன்பக்கத்திலேயே வாழ்ந்துவிட்டவன் நான். ஆனாலும் விடவில்லை.

"தலையில பச்சையே இல்லையே?"

"வந்துருமுங்க."

"சத்தமே போட மாட்டேங்குது."

"ஆண் வாத்து எப்பங்க சத்தம் போட்டுச்சு? கரகரன்னு மொனகும், அவ்வளவுதான். தவுட்டுல கொஞ்சம் கருவாட்டுத் தூள் கலந்து வைங்க. றெக்கையப் புடிச்சுத் தூக்கிராதீங்க, புது எறகு முளைக்கிற எடம் நோகும்."

போனை வைத்துவிட்டாள். நோய் ஒன்றும் இல்லை என்று கேட்டு மனசு உடைந்துபோன ஒரே மனுஷன் நானாகத்தான் இருப்பேன்.

சந்தை நாளில் கை தானாக மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிவிடுகிறது. அவளுக்கு உயிர். எனக்கோ சர்க்கரை. கறுத்துப்போனதும் வாத்துகளுக்குப் போடுகிறேன். அவை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டுவதே தெரிவதில்லை. அவள் இல்லாமல் எனக்கு இந்த வீடு பிடிக்கவில்லை. வேறு எப்படிச் சொல்வது?

சொல்வதில்தானே சிக்கல்! எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே வராது. 'இந்தா' என்போம். இதில் 'நீ இல்லாமல் முடியவில்லை' என்று எங்கே சொல்ல? மோட்டார் ஓடவில்லை என்போம். கேஸ் தீர்ந்துவிட்டது என்போம். மிளகு காயவைக்க ஆளில்லை என்போம். நான் வாத்தைச் சொன்னேன்.

முந்தாநாள் மறுபடியும் போன் போட்டேன்.

"இந்தா... இந்த வாத்து..."

"அதுக்கு இப்ப என்னங்க?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் முடியல. நீ இல்லாம ஊட்டுல இருக்க முடியல. வந்துரு சரசு."

பெயரைச் சொன்னதும் எனக்கே திக்கென்றது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏனுங்க... போன் ஸ்பீக்கர்ல இருக்குதுங்க. மாப்பிள்ளை இங்கதான் உக்காந்திருக்காரு."

மானம் போயிற்று! கட் பண்ணப் போனேன். அதற்குள் மகள் போனைப் பிடுங்கிவிட்டாள்.

"அப்பா, வெச்சுராதீங்க. அம்மா அழுகுது. கழுத்து நிக்கட்டும், தவழட்டும்னு எல்லாம் அம்மா சும்மா சொன்னதுப்பா. நீங்க ஒரு வார்த்தை வான்னு கூப்பிடலைன்னுதான் இத்தனை நாளா இங்கயே உக்காந்திருக்குது."



வெள்ளிக்கிழமை வருகிறாள். அதுவரை பொழுது போக வேண்டுமே என்று பத்திரிகைக்கு வாராவாரம் எழுதும் பத்தியில் இதை எழுத உட்கார்ந்தேன். மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டதை இப்போது ஊருக்கே சொல்லியாயிற்று. யாராவது கேட்டால், இந்த வாரம் வாத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.